தேதியை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

அக்டோபர் பிறந்துவிட்டால் எனக்கு ஒரு வேலை வந்து சேரும். அடுத்த ஆண்டுக்கான விடுமுறைப் பட்டியல் தயாரிப்பது. எங்கள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் பல நாடுகளில் பரவிக் கிடக்கிறார்கள். யாருக்கு என்றைக்கு விடுமுறை என்று தெரியாமல் ஒரு கூட்டத்துக்குக்கூட நேரம் குறிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு நாட்டின் அரசு விடுமுறைகளையும் எடுத்து, ஒரே அட்டவணையில் போட்டு, எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்.

வெறும் எழுத்தர் வேலை என்று யாரும் நினைக்கலாம். எனக்கு இது இப்போது ஆண்டிலேயே மிகப் பிடித்த வேலை. ஏனென்றால் அந்த அட்டவணையில் இருக்கும் எந்தத் தேதியும் தானாக வந்து உட்காரவில்லை. ஒவ்வொன்றையும் யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கும்போது வேறு சில தேதிகளை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறார்கள். ஒரு நாடு தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அதன் அரசியல் சாசனத்தைவிட, எந்த நாளில் அலுவலகத்தை மூடுகிறது என்பதில் எளிதாகப் படித்துவிடலாம் என்று நம்புகிறேன்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. உலகமே தொலைக்காட்சியில் பார்த்த இரவு. பிரிந்த நாடு ஒன்றானதைக் கொண்டாட அதைவிடப் பொருத்தமான தேதி வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் ஜெர்மனியின் தேசிய நாள் அக்டோபர் 3. கிழக்கும் மேற்கும் சட்டப்படி இணைந்த 1990-ன் அந்த நாள். கூட்டமும் கண்ணீரும் கட்டித் தழுவலும் இருந்த இரவை விட்டுவிட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளை எடுத்துக்கொண்டார்கள். காரணம், நவம்பர் 9 ஜெர்மானியர்களுக்கு ஒரே ஒரு நாள் அல்ல. 1918-ல் அன்றுதான் பெர்லினில் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1923-ல் அன்று ஹிட்லர் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றார். 1938-ல் அன்றைய இரவுதான் நாடு முழுக்க யூதர்களின் வழிபாட்டு இடங்களைக் கொளுத்தினார்கள், கடைகளை நொறுக்கினார்கள், ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்தத் தேதியில் வாணவேடிக்கை விடுவது எப்படி?

மகிழ்ச்சி இருந்தும் அந்த நாளைக் கொண்டாட்டத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்கு முன்னால் மேற்கு ஜெர்மனியில் ஜூன் 17 விடுமுறையாக இருந்தது. கிழக்கு ஜெர்மனியில் 1953-ல் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்ததும் அது ஒடுக்கப்பட்டதும் அந்த நாளில்தான். அதாவது அதற்குப் பிறகு பிரிந்திருந்த காலம் முழுக்க, எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு தோல்விக்காக இந்தப் பக்கம் விடுமுறை விட்டிருக்கிறார்கள்.

நவம்பரிலேயே இன்னும் இரண்டு நாள் தள்ளி வாருங்கள். நவம்பர் 11. முதல் உலகப் போர் 1918-ல் காலை 11 மணிக்கு ஓய்ந்த நாள். என் பட்டியலில் பிரான்சுக்கு எதிரே அது விடுமுறை, போலந்துக்கு எதிரேயும் விடுமுறை. ஆனால் பிரான்சில் அது கல்லறைகளுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் போகும் நாள். போலந்தில் அது சுதந்திர தினம். ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டு வரைபடத்திலிருந்தே அழித்த நாடு, 123 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்ததற்கு அடையாளமாக அந்தத் தேதியை வைத்திருக்கிறார்கள். அதே போர் ஓய்ந்த அதே நாள், ஓரிடத்தில் இழவு, இன்னோரிடத்தில் பிறப்பு. அந்தப் போலந்து விடுமுறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1937-ல் சட்டமானது, 1945-க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அரசு எடுத்துவிட்டது, 1989-ல் மறுபடி வந்தது. பிரிட்டனில் நவம்பர் 11 விடுமுறையே இல்லை. இரண்டு நிமிட மௌனம் உண்டு, பெரிய நிகழ்ச்சி அந்த மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று லண்டனில் நடக்கும்.

அந்த இரண்டு நிமிட மௌனம் எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால் கேப் டவுனில் போய் நிற்கும். அங்கே ஞாயிறும் பொது விடுமுறைகளும் தவிர தினமும் நண்பகலில் சிக்னல் குன்றிலிருந்து ஒரு பீரங்கி வெடிப்பார்கள். 1918 மே மாதத்தில் அந்த நகர மேயர் ஹாரி ஹேண்ட்ஸ், பீரங்கிச் சத்தம் கேட்டதும் ஊரே அப்படியே நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அவருடைய மூத்த மகன் போரில் காயப்பட்டு இறந்திருந்தார். முதலில் மூன்று நிமிடமாக வைத்துப் பார்த்தார்கள், நீளமாகத் தெரிந்ததால் இரண்டாக்கினார்கள். போர் முடிந்த பிறகு பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தென்னாப்பிரிக்கர், அவரும் போரில் மகனைப் பறிகொடுத்தவர், இந்த வழக்கத்தை லண்டனுக்கு எழுதித் தெரிவித்தார். 1919 நவம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பேரரசு முழுவதும் கடைப்பிடிக்கச் சொன்னார். பிள்ளைகளை இழந்த இரண்டு தகப்பன்களிடமிருந்து வந்த வழக்கம் இது என்பதைப் பலர் அறிவதில்லை.

விடுமுறை நாட்களைவிட இப்படி ஒரு நாடே குறித்த நிமிடத்தில் நிற்கும் நாட்கள்தான் என்னை அதிகம் அசைக்கின்றன. இவை அரசு விடுமுறைப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். துருக்கியில் நவம்பர் 10 காலை 9:05 அப்படி ஒரு நேரம். 1938-ல் இஸ்தான்புல்லின் டோல்மாபாச்சே அரண்மனையில், துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் இறந்த நிமிடம் அது. ஒரு நவம்பர் 10 அன்று இஸ்தான்புல்லில் இருக்கும் சக ஊழியருடன் பேசிக்கொண்டிருந்தேன். வரவுசெலவுக் கணக்கில் பாதியில் இருந்தோம். "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து நின்றார். சைரன் சத்தம் வந்தது. நானும் என் மேசையருகே எழுந்து நின்றேன். அவர் யாருக்காக நிற்கிறார் என்பது எனக்குப் பாடப்புத்தகத்தில் படித்த அளவுக்குத்தான் தெரியும், ஆனாலும் உட்கார்ந்திருக்கத் தோன்றவில்லை. சத்தம் அடங்கியதும் அவர் கீழே தெருவில் பார்த்ததைச் சொன்னார்: பேருந்து ஓட்டுநர் இறங்கி, திறந்த கதவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாராம். பிறகு ஏறி வண்டியை எடுத்தார். நாங்களும் கணக்கைத் தொடர்ந்தோம். அன்றைக்கு அங்கே யாருக்கும் விடுமுறை இல்லை. வேலைக்கு நடுவே நிற்பதால்தான் அதற்கு அந்தக் கனம் என்று தோன்றுகிறது. வீட்டில் தூங்கிக்கொண்டே ஒரு துக்க நாளைக் கடந்துவிடலாம். சாலை நடுவே இறங்கி நின்றால் கடக்க முடியாது.

வார்சாவில் இது ஆகஸ்ட் 1 மாலை 5 மணி. 1944-ல் நாஜிகளுக்கு எதிராக நகரம் எழுந்த நேரம். 63 நாட்கள் போராடித் தோற்றார்கள், நகரத்தையே நாஜிகள் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஹிரோஷிமாவில் ஆகஸ்ட் 6 காலை 8:15, நாகசாகியில் ஆகஸ்ட் 9 காலை 11:02. நெதர்லாந்தில் மே 4 இரவு 8 மணி. கொடிகள் அரைக்கம்பத்தில், பேருந்தும் டிராமும் இரண்டு நிமிடம் நகராது. மறுநாள் மே 5 விடுதலை நாள், ஊரெல்லாம் இசை விழா. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முதல் நாள் இறந்தவர்களுக்கு, அடுத்த நாள்தான் பிழைத்தவர்களுக்கு.

சரி, ஒருமுறை குறித்த நாளை மாற்ற முடியுமா? சிலர் ஒழித்துவிட்டு வேறு நாளை வைப்பார்கள். தென்னாப்பிரிக்கா செய்தது வேறு விதம்.

டிசம்பர் 16. 1838-ல் அன்று நோமே ஆற்றங்கரையில் வூர்ட்ரெக்கர்கள் எனப்பட்ட டச்சு வழிக் குடியேறிகள், ஆண்ட்ரீஸ் பிரிட்டோரியஸ் தலைமையில், ஜூலு மன்னர் டிங்கானேயின் படையைத் தோற்கடித்தார்கள். துப்பாக்கிக்கும் ஈட்டிக்கும் நடந்த சண்டை. ஜூலுக்களில் ஏறக்குறைய 3,000 பேர் செத்தார்கள், எதிர்த்தரப்பில் மூன்று பேருக்குக் காயம். வெற்றி கிடைத்தால் இந்த நாளை என்றென்றும் கடவுளுக்கு நன்றி சொல்லும் நாளாகக் காப்போம் என்று போருக்கு முன் சபதம் எடுத்திருந்தார்கள். 1910 முதல் அது நாட்டின் விடுமுறை. வெள்ளை இன ஆட்சிக்கு அது புனித நாளாகவே ஆகிவிட்டது. மறுபக்கம் நெல்சன் மண்டேலாவும் தோழர்களும் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்க 1961-ல் தேர்ந்தெடுத்ததும் இதே டிசம்பர் 16. அவர்கள் வேண்டுமென்றேதான் அதை எடுத்தார்கள். ஆக ஒரே தேதியை இரண்டு தரப்பும் ஒருவருக்கு எதிராக ஒருவர் நெஞ்சில் சுமந்தார்கள்.

1994-ல் ஆட்சி மாறியது. அந்த நாளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் அடிக்கவில்லை. நாளை அப்படியே வைத்துக்கொண்டு, நல்லிணக்க நாள் என்று பெயர் சூட்டினார்கள். 1995 டிசம்பர் 16 முதல் அப்படித்தான் நடக்கிறது. ஆற்றின் ஒரு கரையில் குடியேறிகளின் மாட்டுவண்டிகளை வெண்கலத்தில் வார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். எதிர்க்கரையில் 1998-ல் ஜூலு வீரர்களுக்கு நினைவிடம் எழுந்தது. ஒரு பெயர்ப்பலகையால் காயம் ஆறிவிடும் என்று சொல்ல வரவில்லை. அங்கே போய்விட்டு வந்த சக ஊழியர் ஒருவர், இரண்டு கரையிலும் ஒரே போரின் இரண்டு கதைகளைச் சொல்கிறார்கள் என்றார். இரண்டு கதைக்கும் ஒரே நாளில் இடம் கொடுக்க ஒரு அரசு துணிந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஆஸ்திரேலியா இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. ஜனவரி 26 அங்கே தேசிய நாள். 1788-ல் பிரிட்டிஷ் கப்பல்களில் வந்தவர்கள் சிட்னி விரிகுடாவில் கொடி நாட்டிய தேதி. 1938-ல் 150-வது ஆண்டை அரசு கோலாகலமாகக் கொண்டாடியபோது, அதே நாளில் அதே சிட்னியில் பூர்வகுடி மக்கள் துக்க நாள் கடைப்பிடித்துக் கூட்டம் போட்டார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஊர்வலம் போகிறார்கள். படையெடுப்பு நாள் என்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், அந்தத் தேதியை மாற்றத்தான் வேண்டும். நாட்டின் ஒரு பகுதி மக்கள் நிலத்தை இழக்கத் தொடங்கிய நாளை அந்த மக்களையும் சேர்த்துக் கொண்டாடச் சொல்வது நியாயமில்லை.

தான் செய்த தவற்றுக்காகவே ஒரு நாளை ஒதுக்கும் நாடுகளும் இருக்கின்றன. கனடாவில் செப்டம்பர் 30. பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழியைப் பேசவிடாமல் வளர்த்த ஏற்பாடு அங்கே நூறாண்டுக்கும் மேல் நடந்தது. 1,50,000-க்கும் அதிகமான பிள்ளைகள் அந்தப் பள்ளிகள் வழியே போனார்கள். பலர் திரும்பவில்லை. ஃபிலிஸ் வெப்ஸ்டட் என்பவர் 1973-ல், ஆறு வயதில், பாட்டி வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்படி ஒரு பள்ளிக்குப் போனார். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. அவர் அதைப் பொதுவில் சொன்னது 2013-ல். அந்த ஆண்டிலிருந்து செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சுச் சட்டை அணியும் பழக்கம் பரவியது. பிள்ளைகளைப் பிடித்துப் போன பருவம் என்பதால் செப்டம்பர். 2021-ல் கூட்டாட்சி அரசு அதை உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாகச் சட்டமாக்கியது. கீழேயிருந்து, ஒரு சட்டையிலிருந்து, எழும்பி வந்த நாள் இது. அரசு பின்னால்தான் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவின் ஜூன் 19-ம் அப்படித்தான். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-ல் வந்துவிட்டது. டெக்சாஸின் கால்வெஸ்டனில் தளபதி கார்டன் கிரேஞ்சர் வந்து இறங்கி, அடிமைகள் எல்லோரும் விடுதலை பெற்றவர்கள் என்று ஆணை பிறப்பித்தது 1865 ஜூன் 19. இடையில் இரண்டரை ஆண்டு. கறுப்பின மக்கள் மறு ஆண்டிலிருந்தே அதைக் கொண்டாடி வந்தார்கள். டெக்சாஸ் மாநில விடுமுறை ஆனது 1980-ல், நாடு முழுதுக்குமான கூட்டாட்சி விடுமுறை ஆனது 2021-ல். பிரகடனம் கையெழுத்தான நாளைப் பிடித்துக்கொள்ளாமல், கடைசியாகச் செய்தி போய்ச் சேர்ந்த நாளைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டம் எழுதியவரின் நாளாக இல்லாமல் காத்திருந்தவரின் நாளாக அது இருக்கிறது. அர்ஜென்டினா 2006-லிருந்து மார்ச் 24-ஐ விடுமுறையாக வைத்திருக்கிறது. 1976-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் வெள்ளைத் தலைத்துணியுடன் இன்றும் அந்த நாளில் ஊர்வலமாக நடக்கிறார்கள்.

இந்த நாட்களுக்காக என் அட்டவணையில் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன்: வாழ்த்து அனுப்பக் கூடாத நாட்கள். விடுமுறை என்றாலே "இனிய" என்று தொடங்கும் பழக்கம் எல்லோர் விரலிலும் ஒட்டியிருக்கிறது. ருவாண்டாவில் ஏப்ரல் 7 முதல் நூறு நாட்கள் 1994 இனப்படுகொலையின் நினைவுக்காலம். அங்கே இருக்கும் குழுவுக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் எந்தக் கொண்டாட்டமும் வைக்காதீர்கள் என்று தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

எனக்குக் கோபம் வரும் இடமும் ஒன்று உண்டு. விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு நகர்த்துவது. வார இறுதி நீளமாகும், பயணம் போகலாம், நடு வாரத்தில் வேலை தடைபடாது என்பார்கள். வங்கி விடுமுறைகளை அப்படி வைப்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த ஒன்றை நினைக்கத்தான் அந்த நாள் என்றால், அதை நகர்த்தினால் மிஞ்சுவது என்ன? அமெரிக்காவில் 1971-ல் நவம்பர் 11 படைவீரர் நாளை அக்டோபரின் நான்காவது திங்களுக்கு மாற்றினார்கள். பெரும்பாலான மாநிலங்களும் முன்னாள் வீரர்களும் ஏற்கவில்லை. 1978-ல் பழைய தேதிக்கே திரும்பிவிட்டது. மக்கள் பிடிவாதம் பிடித்து ஒரு தேதியை மீட்டுக்கொண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

டென்மார்க்கில் மீட்க முடியவில்லை. 1686 முதல் இருந்த பெரிய பிரார்த்தனை நாளை, பாதுகாப்புச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று சொல்லி, 2023-ல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு எடுத்தார்கள். 2024 முதல் அது வேலை நாள். கோபன்ஹேகனில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டும் பயனில்லை. அவர்களில் பலர் பிரார்த்தனைக்குப் போகிறவர்களே இல்லை. நாளின் சமயப் பொருள் தேய்ந்திருந்தாலும், அந்த வெள்ளிக்கிழமை எங்களுடையது என்ற உணர்வு தேயவில்லை. போர்ச்சுகல் நிதி நெருக்கடியில் நான்கு விடுமுறைகளை வெட்டியது. அதில் குடியரசு நாளும் ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் மீண்ட நாளும் சேர்த்தி. 2016-ல் நான்கையும் திருப்பிக் கொடுத்தார்கள். அதே போர்ச்சுகல்தான் தன் தேசிய நாளாக ஒரு கவிஞர் இறந்த தேதியை வைத்திருக்கிறது. கமோயிஸ் மறைந்த ஜூன் 10.

அப்புறம், பட்டியலில் பென்சிலால் எழுத வேண்டிய நாட்கள். ரமலான் பெருநாள் பிறை தெரிவதைப் பொறுத்தது. பக்கத்துப் பக்கத்து நாடுகளிலேயே ஒரு நாள் வித்தியாசம் வரும். நான் எப்போதும் இரண்டு நாட்களையும் காலியாக வைத்துவிடுவேன். ஜப்பானில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பகலும் இரவும் சமமாகும் நாட்கள் விடுமுறை. அடுத்த ஆண்டு அது எந்தத் தேதி என்று தேசிய வானியல் ஆய்வகம் கணக்கிட்டு, பிப்ரவரியில் அரசிதழில் வெளியிடும். நியூசிலாந்து 2022-ல் மாத்தாரிக்கியை விடுமுறை ஆக்கியது. குளிர்கால விடியலில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் மறுபடி எழும்போது தொடங்கும் மாவோரி புத்தாண்டு. மாவோரி நாட்காட்டிப்படி தேதி மாறும் என்பதால் 2052 வரைக்கும் இப்போதே கணித்துச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களை அந்த நட்சத்திரங்களைப் பார்த்துச் சொல்வது அதில் ஒரு பகுதி. ஆக்கிரமித்த அரசின் நாட்காட்டிக்குள் பூர்வகுடிகளின் வானம் நுழைந்திருக்கிறது என்றே இதைப் பார்க்கிறேன்.

இந்த முறை அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். தலைப்பு "ஏன் இந்த நாள்?" நான் எழுதாமல், அந்தந்த நாட்டில் இருப்பவர்களையே எழுதச் சொன்னேன். சிலர் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து இரண்டு பேர் தனித்தனியாக எழுதி அனுப்பினார்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டையும் அப்படியே போட்டிருக்கிறேன்.